நடுத்தர விலைத் திறன்பேசியில் கேமராவின் தரத்தை அறிதல்

நடுத்தர விலைத் திறன்பேசி என்பது இந்தியச் சந்தையில் ஏறத்தாழ 15,000 ரூபாய் முதல் 30,000 ரூபாய் வரை விற்கப்படும் கைப்பேசியைக் குறிக்கும். இந்த விலைப் பிரிவில் நிறுவனங்கள் முதலில் பேசுவது கேமராவைப் பற்றித்தான். 50 மெகாபிக்சல், 64 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல், 200 மெகாபிக்சல் என எண் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் படத்தின் தரத்தை முடிவு செய்வது இந்த எண் அன்று. கேமரா எவ்வளவு ஒளியைச் சேர்க்கிறது, சேர்த்த ஒளியை உள்ளிருக்கும் மென்பொருள் எப்படிக் கையாளுகிறது என்ற இரண்டுமே முதன்மையானவை.

இதை விளக்குவதற்கு விருதுநகர் மாவட்டம் பொருத்தமான இடமாகும். குட்டி ஜப்பான் என்று பெயர் பெற்ற சிவகாசியில் பட்டாசும் அச்சும் பெருந்தொழில்கள். இரவு வானத்துப் பட்டாசை ஒழுங்காகப் படம் பிடிக்கும் கேமரா வேறு எதையும் பிடித்துவிடும். தாளில் அச்சாகும் வரை எந்தப் படத்தின் குறையும் முழுதாகத் தெரியாது. ஆகவே கேமராவுக்கு இரண்டு உரைகற்களும் அங்கேயே இருக்கின்றன. தீபாவளி போனஸ் கைக்கு வரும் காலமும் இணைய அங்காடிகளின் தள்ளுபடிக் காலமும் ஒன்றாக வருவதால், ஒரு மாதச் சம்பளத்தையோ அதற்கு மேலோ விழுங்கும் இப்பொருளை அவசரத்தில் வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர்.

மெகாபிக்சல் சொல்வதும் சொல்லாததும்

எண்முறைப் படம் ஒவ்வொன்றும் சிறு புள்ளிகளால் ஆனது. 10 லட்சம் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். அகலத்தில் 4,000 புள்ளியும் உயரத்தில் 3,000 புள்ளியும் உள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கும். அதுவே 12 மெகாபிக்சல். எண் கூடினால் படத்தை இன்னும் பெரிதாக்கலாம். நிறம் சரியாக வருமா, இருட்டில் முகம் தெரியுமா என்பதைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்வதில்லை.

எத்தனை மெகாபிக்சல் போதும் என்ற கேள்விக்கு அச்சுக்கூடத்தில் விடை கிடைக்கும். கையில் வைத்துப் பார்க்கும் தாளில் படம் கூர்மையாகத் தெரிய, அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது அச்சுத் தொழிலின் வழக்கம். ஏ4 தாளின் அளவு 8.27 அங்குலம், 11.69 அங்குலம். 300 ஆல் பெருக்கினால் 2,480 புள்ளி, 3,508 புள்ளி. அதாவது 87 லட்சம் புள்ளிகள். 9 மெகாபிக்சல் இருந்தாலே ஏ4 தாள் முழுவதும் படம் நிறைந்துவிடும். 15 அங்குல அகலமும் 20 அங்குல உயரமும் உள்ள சுவர்க் காலண்டரை நாலடி தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். அதற்கு அங்குலத்துக்கு 200 புள்ளி தாராளம். கணக்குப் போட்டால் 3,000 பெருக்கல் 4,000, சரியாக 12 மெகாபிக்சல். காலண்டருக்கே 12 போதும் என்றால் கைப்பேசித் திரையில் மட்டும் பார்க்கப்படும் படத்துக்கு 108 எதற்கு என்ற கேள்வி தானாக எழும்.

உண்மையில் 50 மெகாபிக்சல் கேமரா வழக்கமாகத் தருவது 12.5 மெகாபிக்சல் படம்தான். அடுத்தடுத்த நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே புள்ளியாக அது கணக்கிடுகிறது. 108 மெகாபிக்சல் கேமரா ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து 12 மெகாபிக்சல் ஆக்குகிறது. 200 மெகாபிக்சல் கேமரா பதினாறைச் சேர்த்து 12.5 ஆக்குகிறது. சுற்றி வந்தாலும் எல்லாம் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இதற்குக் காரணம் நிறம். படம் பிடிக்கும் சில்லுக்குத் தானாக நிறம் தெரியாது. வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் என்பவர் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வடிகட்டிகளில் ஒன்றை ஒழுங்கான வரிசையில் அமைக்கும் முறைக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். இன்றுவரை பெரும்பாலான கேமராக்கள் அம்முறையையே பின்பற்றுகின்றன. புதிய 50 மெகாபிக்சல் சில்லுகளில் அடுத்தடுத்த நான்கு புள்ளிகளின் மேல் ஒரே நிற வடிகட்டிதான் இருக்கும். எனவே நிறத்தைப் பொறுத்தவரை அவை நான்கும் ஒரு புள்ளிக்கே சமம். அமைப்பில் 50 மெகாபிக்சலைத் தேர்ந்தெடுத்தால் இடைப்பட்ட நிறங்களை மென்பொருள் ஊகித்து நிரப்பும். நல்ல வெயிலில், அசையாத பொருளைப் படம் எடுக்கும்போது அதனால் சிறிது பயன் உண்டு. மாலையில் எடுத்தால் கோப்பின் அளவுதான் பெருக்கும்.

புள்ளிகளைச் சேர்க்கும் இந்த உத்தியே தவறானது என்று கொள்ளக் கூடாது. நோக்கியா 808 பியூர்வியூ 2012இலேயே 41 மெகாபிக்சல் உணரியைக் கொண்டு வந்து, புள்ளிகளைச் சேர்த்துத் தெளிவான சிறிய படம் தந்தது. அதன் உணரி அக்காலக் கைப்பேசிகளுக்கு மிகப் பெரியது. அதனால்தான் அந்த உத்தி பலித்தது.

ஒளியைப் பிடிக்கும் பரப்பு

படம் பிடிக்கும் சில்லைத் தமிழில் உணரி என்பர். கடைகளில் சென்சார் என்றே சொல்வார்கள். மழை பெய்யும்போது முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்தால் எதில் அதிக நீர் சேரும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒளிக்கும் அதே கணக்கு. உணரி பெரிதாக இருந்தால் அதே நேரத்தில் அதிக ஒளி சேரும்.

உணரியின் அளவைப் பின்னமாகக் குறிப்பிடுவார்கள்: 1/1.56 அங்குலம், 1/1.95 அங்குலம், 1/2.76 அங்குலம் என்பது போல. கீழ் எண் பெரிதாகப் பெரிதாக உணரி சிறுக்கும். ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்குத்தான், இருந்தும் 2.76 என்பது 1.56ஐ விடப் பெரிது என்று நினைத்து ஏமாறுவோர் உண்டு. இந்த அங்குலம் உணரியை அளந்து சொன்னதும் அன்று. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் அளவிலிருந்து வந்த வழக்கு. ஒப்பிட மட்டுமே அது பயன்படும்.

சோனியின் ஐஎம்எக்ஸ் 766 என்ற உணரியும் சாம்சங்கின் ஜேஎன்1 என்ற உணரியும் 50 மெகாபிக்சல் கொண்டவை. கைப்பேசிப் பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே எண்தான் அச்சாகும். ஆனால் முதலாவது 1/1.56 அங்குலம்; அதன் ஒரு புள்ளி 1 மைக்ரான் அகலம். இரண்டாவது 1/2.76 அங்குலம், புள்ளியின் அகலம் 0.64 மைக்ரான். பரப்பளவைக் கணக்கிட்டால் முதலாவது ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரியது. நண்பகலில் இரண்டும் ஒன்றுபோலவே படம் தரலாம். விளக்கு வைத்த பிறகு வீட்டுக்குள் எடுக்கும் படத்தில்தான் வேறுபாடு வெளிப்படும்: சிறிய உணரியின் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தோன்றும், அல்லது அவற்றை மறைக்க மென்பொருள் பூசி மெழுகிய முகம் தோன்றும்.

உணரியின் பெயரும் அளவும் பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்குரிய விவரப் பக்கத்திலோ, கைப்பேசி விவரங்களைத் தொகுக்கும் தளங்களிலோ பார்க்கலாம். மெகாபிக்சலைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு உணரியின் அளவை எங்குமே சொல்லாத நிறுவனம், அதைச் சொல்வதில் தனக்கு லாபம் இல்லை என்று நினைப்பதாகவே கொள்ளலாம்.

வில்லையும் நடுக்கத் தடுப்பும்

ஒளி உள்ளே நுழையும் துளையின் அளவை எஃப் எண்ணால் குறிப்பார்கள். இங்கும் எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 1.8 துளை, எஃப் 2.4 துளையைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு ஒளியை உள்ளே விடும். முதன்மைக் கேமராக்கள் பலவும் 1.8ஐ ஒட்டியே இருப்பதால் இதில் அதிகம் ஆராய வேண்டியதில்லை.

ஆராய வேண்டியது ஓஐஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒளியியல் நடுக்கத் தடுப்பு. வெளிச்சம் குறைந்தால் கேமரா தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கை சற்றே நடுங்கினாலும் படம் கலங்கும். ஓஐஎஸ் உள்ள கேமராவில் கையின் நடுக்கத்துக்கு எதிர்த் திசையில் வில்லை நுண்ணியதாக நகர்ந்து அதைச் சரிக்கட்டும். ஈஐஎஸ் என்பது வேறு. அது மென்பொருள் வேலை, வீடியோவின் ஓரங்களை வெட்டி அசைவைக் குறைக்கும். விற்பனையாளர் "ஸ்டெபிலைசேஷன் இருக்கு சார்" என்று சொன்னால் இரண்டில் எது என்று கேட்க வேண்டும். ஓஐஎஸ் இருந்தாலும் ஓடும் குழந்தை கலங்கலாகவே விழும். அது கையின் அசைவை நிறுத்துமே தவிர, எதிரில் உள்ளவரின் அசைவை நிறுத்தாது.

கூடுதல் கேமராக்கள்

முதுகில் மூன்று நான்கு வட்டங்கள் இருந்தால் அது உயர்ந்த கைப்பேசி என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மேக்ரோ, டெப்த் என்ற பெயர்களில் வரும் 2 மெகாபிக்சல் கேமரா தருவது 1,600 பெருக்கல் 1,200 புள்ளிப் படம். அச்சிட்டால் 5.3 அங்குலம், 4 அங்குலம், அதுவும் மங்கலாக. இவை எண்ணிக்கைக்காக ஒட்டப்பட்டவை. அகலக் கோணக் கேமரா அப்படியன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தைத் தெருவிலிருந்தே முழுதாக எடுக்க அது உதவும். இவ்விலையில் அது பெரும்பாலும் 8 மெகாபிக்சலாகவே இருக்கும், இரவில் பயன்படாது. 10 மடங்கு, 20 மடங்கு ஜூம் என்பவை தனி டெலி வில்லை இல்லாத கைப்பேசியில் வெறும் உருப்பெருக்கம். 2 மடங்கு மட்டும் ஏற்கத்தக்கது: 50 மெகாபிக்சல் உணரியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தாலும் 12.5 மெகாபிக்சல் மிஞ்சும்.

ஒரே தொகையில் ஓஐஎஸ் உள்ள ஒரு நல்ல முதன்மைக் கேமராவும், ஓஐஎஸ் இல்லாத நான்கு கேமராக்களும் கிடைத்தால் முதலாவதே வாங்கத்தக்கது.

மென்பொருளும் தோலின் நிறமும்

ஒரே உணரி இரண்டு நிறுவனங்களின் கைப்பேசியில் இரண்டு விதமான படம் தருவதைக் காணலாம். பொத்தானை ஒருமுறை அழுத்தும்போது கேமரா பல படங்களை எடுத்து, வெளிச்சப் பகுதியை ஒன்றிலிருந்தும் நிழற்பகுதியை இன்னொன்றிலிருந்தும் சேர்த்து ஒரு படமாக்குகிறது. எச்டிஆர் எனப்படுவது இதுதான். கரிசல் காட்டு வெயிலில் தலையில் துண்டு கட்டி நிற்பவரின் முகமும் பின்னாலுள்ள வானமும் ஒருசேரத் தெரிய வேண்டுமானால் இது சரியாக வேலை செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டிய குறை ஒன்று உண்டு. கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கி, சுருக்கங்களைத் துடைத்துவிடும் அழகூட்டும் வசதி சில கைப்பேசிகளில் முதலிலேயே இயக்கத்தில் இருக்கும். எண்பது வயதுப் பாட்டியின் முகத்தில் சுருக்கம் இல்லாவிட்டால் அது பாட்டியின் படம் அன்று. மாநிறத்தவரும் கருநிறத்தவரும் சேர்ந்து நிற்கும் குழுப்படத்தை எடுத்துப் பார்த்தால் மென்பொருளின் நேர்மை தெரிந்துவிடும். அவ்வசதியை அணைத்த பின்னும் எல்லோரும் ஒரே வெளிர்நிறமாகத் தெரிந்தால் அந்தக் கைப்பேசியைத் தவிர்ப்பது நல்லது.

இரவு வானத்துச் சோதனை

பட்டாசு கேமராவுக்குக் கடினமான பாடம். கன்னங்கரேலென்ற வானத்தில் ஒரு நொடியில் கண்ணைக் கூசும் ஒளி தோன்றி மறைகிறது. பட்டாசின் சிவப்பு ஸ்ட்ரான்சியம் உப்பிலிருந்தும், நீலம் செம்பின் சேர்மத்திலிருந்தும், மஞ்சள் சோடியத்திலிருந்தும் வருகின்றன. பேரியத்தின் பச்சைக்கு இப்போது உச்ச நீதிமன்றத் தடை உள்ளது. கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்த பூ, கைப்பேசிப் படத்தில் நடுவில் வெள்ளையாகவும் விளிம்பில் மட்டும் சிவப்பாகவும் இருப்பது பலரும் கண்டது. வானம் இருட்டாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது. அப்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நிரம்பி வழிந்து வெள்ளையாகிவிடுகின்றன.

இரவுப் பயன்முறை இங்கே உதவாது. அது சில நொடிகளுக்குத் தொடர்ந்து படங்கள் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. அசையாத கோபுரத்துக்கு அது பொருந்தும். நொடிக்கு நொடி மாறும் வாணவேடிக்கை துண்டு துண்டாகிவிடும். கைமுறை அமைப்பு, அதாவது புரோ பயன்முறை உள்ள கைப்பேசியில் ஐஎஸ்ஓ 100, திறப்பு நேரம் 1 முதல் 2 நொடி, குவியம் தொலைதூரம் என்று வைத்து, முக்காலியில் நிறுத்தி, 2 நொடி டைமரில் எடுத்தால் பூ விரிந்த கோடுகள் முழுதாகப் பதியும். எனவே திறப்பு நேரத்தை மாற்ற விடும் புரோ பயன்முறை இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். அது இல்லாதபோது ஒளியின் மேல் திரையைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைக்கலாம்.

கம்பி மத்தாப்பு பிடித்திருக்கும் குழந்தையின் முகம் இன்னொரு சோதனை. மத்தாப்பின் பொறிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும். வில்லையின் பூச்சு தரமற்றதாக இருந்தால் படத்தின் குறுக்கே ஒளிக்கீற்றும் எதிர்மூலையில் பச்சைப் பொட்டும் விழும். வில்லையைத் துடைக்காமல் எடுத்தாலும் அப்படியே விழும் என்பதால் முதலில் துடைத்துவிட்டுப் பழி சொல்ல வேண்டும்.

2018இல் உச்ச நீதிமன்றம் நேரக் கட்டுப்பாடு விதித்ததைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி, மாலை 7 முதல் 8 மணி என நேரம் ஒதுக்கப்பட்டது. இருட்டில் கிடைப்பது ஒரு மணி நேரமே. அமைப்புகளைக் கோயில் பொங்கல் திருவிழாவின் வாணவேடிக்கையிலேயே பழகிக்கொள்வது நல்லது. பட்டாசு ஆலைகளுக்குள் கைப்பேசி கொண்டுசெல்லத் தடை உண்டு. அங்கே படம் எடுத்துப் பார்க்கும் எண்ணமே கூடாது.

கடையில் செய்யத்தக்கவை

காட்சிக்கு வைத்திருக்கும் கைப்பேசியை வாங்கிப் பார்க்கும்போது தன் பழைய கைப்பேசியையும் உடன் கொண்டுபோக வேண்டும். ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்தால்தான் ஒப்பீடு. கடைக்குள் இருக்கும் பளீர் விளக்கில் எந்தக் கேமராவும் நன்றாகவே தெரியும். ஆகவே விளக்கு ஏற்றிய பின் சென்று, கடை வாசலில் நின்று தெருவை எடுக்க வேண்டும். எரியும் குழல் விளக்கின் முன் ஒருவரை நிறுத்தி முகம் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

கூர்மைக்குச் சிறந்த பொருள் ஒரு தீப்பெட்டி. சிவகாசியின் அச்சுத் தொழில் தீப்பெட்டி லேபிளிலிருந்தே வளர்ந்தது. அந்த லேபிளின் ஓரத்திலுள்ள பொடி எழுத்துகளை ஓர் அடி தூரத்திலிருந்து எடுத்து, படத்தை விரலால் விரித்து, நடுவிலும் நான்கு மூலைகளிலும் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மூலைகளில் எழுத்து கலங்கினால் வில்லை சுமார்தான்.

வீடியோவுக்கு நடந்தபடியே அரை நிமிடம் எடுத்தால் போதும். எல்இடி விளக்கின் கீழ் எடுத்த வீடியோவில் கிடைக்கோடுகள் ஓடுகின்றனவா என்றும் பார்க்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. சரவெடியின் ஓசையில் மைக் கரகரக்குமா என்பதைக் கடையில் சோதிக்க வழியில்லை.

எடுத்த படங்களை அந்தக் கைப்பேசியின் திரையிலேயே பார்த்து முடிவு செய்வது பெரிய பொறி. அமோலெட் திரையில் சாதாரணப் படமும் மினுமினுக்கும். இரண்டு கைப்பேசிகளின் படங்களையும் ஒரே திரைக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். இணையத்தில் வாங்குவோர் திருப்பித் தரும் விதியை முதலில் படிக்க வேண்டும். பழுது இருந்தால் மாற்றித் தருவதாகவே பெரும்பாலும் விதி இருக்கும். படம் பிடிக்கவில்லை என்பது பழுதாகாது.

விளம்பரப் படங்கள்

நிறுவனம் காட்டும் மாதிரிப் படங்களை நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு 2012 செப்டம்பரில் நடந்தது நல்ல சான்று. நோக்கியா லூமியா 920 கைப்பேசியின் நடுக்கத் தடுப்பைக் காட்டும் விளம்பர வீடியோ அந்தக் கைப்பேசியால் எடுக்கப்பட்டதே அன்று என்பதைப் பார்வையாளர்கள் கண்டுபிடித்தனர். சைக்கிளில் செல்லும் பெண்ணின் பின்னால் தெரிந்த கண்ணாடியில் வேறொரு கேமராவும் அதைப் பிடித்திருந்தவரும் தெரிந்தனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்தக் கைப்பேசியில் உண்மையாகவே ஓஐஎஸ் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

அச்சுக்குக் கொடுக்கும்போது

நல்ல கேமராவில் எடுத்த படமும் அச்சகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடக்கூடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீண்ட பக்கம் 1,600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. எத்தனை மெகாபிக்சலில் எடுத்திருந்தாலும் மறுமுனைக்குச் செல்வது 2 மெகாபிக்சல் படமே.

இதன் விளைவைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் காணலாம். ஒருவர் இறந்ததும் அவருடைய படம் தேடப்படுகிறது. தனிப்படம் இருக்காது, ஏதோ ஒரு கல்யாண வீட்டுக் குழுப்படத்தில் ஓரமாக நின்றிருப்பார். அதுவும் வாட்ஸ்அப்பில் வந்ததாக இருக்கும். படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அவருடைய முகம் என்றால் 160 புள்ளிதான் கிடைக்கும். அதை 8 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 20 புள்ளி; கண்ணும் மூக்கும் கரைந்துபோகும். மூலப்படம் யாரிடமாவது இருந்தால் அதே முகம் 400 புள்ளி இருக்கும். வடிவமைப்பவர் அதை வைத்து ஓரளவு சமாளிப்பார்.

எனவே மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாகுமென்ட் என்ற வழியில் இணைத்தால் ஒரு புள்ளியும் குறையாது. 2023இல் வந்த எச்டி வசதி அடுத்த நிலை. அச்சகத்துக்கு நேரில் செல்பவர்கள் பென்டிரைவில் கொண்டுபோகலாம். கைப்பேசித் திரையின் பளீர் நீலமும் பச்சையும் நான்கு மை அச்சில் அதே பளபளப்புடன் வராது என்பதால், பெரிய வேலையாக இருந்தால் ஒரு மாதிரி அச்சு எடுத்துப் பார்த்த பிறகு மீதியை ஓட்டச் சொல்வது வழக்கம்.